முகப்பரு: காரைக்குடி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஒரு மருந்துக்கடையில் 20 வருடத்துக்கு மேலாக மருந்தாளுநராக இருக்கிறேன். சாயங்காலம் கல்லூரி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். வேறு ஆள் இல்லை என்று பார்த்த பிறகே பக்கத்தில் வந்து, "அக்கா, பருவுக்கு ஏதாவது குடுங்க" என்பார்கள். காய்ச்சல் மாத்திரை கேட்க யாரும் இப்படிக் குரலைத் தாழ்த்துவதில்லை. அவர்களும் அவர்களுடைய அம்மாக்களும் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் தோல் மருத்துவர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடம் எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

பரு எதனால் வருகிறது? அழுக்காலா, உடம்புச் சூட்டாலா?

அழுக்கால் இல்லை. தோலில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வயதுக்கு வரும் காலத்தில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுகிறது. பையன்களுக்கு மட்டுமில்லை, பெண்பிள்ளைகளுக்கும் கூடும். அது கூடினால் சுரப்பி பெரிதாகி எண்ணெய் அதிகம் சுரக்கும். துளையின் உள்பக்கத்துச் செல்கள் ஒழுங்காக உதிராமல் அந்த எண்ணெயோடு சேர்ந்து வாயை அடைத்துவிடும். தோலில் எப்போதும் குடியிருக்கிற கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா அடைபட்ட துளைக்குள் பெருகும். உடம்பு அதை எதிர்க்கும்போது சிவந்து, வீங்கி, சீழ் கோத்துக்கொள்கிறது. இத்தகைய சுரப்பிகள் முகத்திலும் நெஞ்சிலும் முதுகிலும் நிறைய என்பதால் பருவும் அங்கேதான் வருகிறது.

மூக்கின் மேல் இருக்கும் கரும்புள்ளியும் அழுக்கு இல்லை. திறந்த துளையில் இருக்கும் அடைப்பு காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல்தான் உரியும்.

"உடம்புச் சூடு" என்று நம் வீடுகளில் சொல்வதை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். சித்திரை வைகாசி வெயிலில், வியர்வையும் புழுக்கமும் சேர்ந்து இருக்கிற பருவைக் கூட்டும். ஆனால் மோரும் இளநீரும் குடித்தால் பரு அடங்கிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. 12 முதல் 24 வயதுக்குள் நூற்றுக்கு 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பரு வந்துதான் போகிறது. அவர்கள் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை முகம் கழுவ வேண்டும்?

காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வியர்த்துக் கொட்டி வீடு வந்தால் இன்னொன்று. போதும். துணி சோப்பு, டெட்டால் சோப்பு, தேங்காய் நார், ஸ்கிரப் எதுவும் வேண்டாம். தோலின் இயல்பான அமிலத்தன்மை ஐந்தரை பி.எச். அளவில் இருக்கிறது. சாதாரணக் கட்டிச் சோப்பு ஒன்பது, பத்து என்று காரப்பக்கம் நிற்கும். அதனால்தான் கழுவியதும் முகம் இழுத்துப் பிடிப்பதுபோல் இருக்கிறது. அதைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். எண்ணெய்ப் பசை அதிகமாக இருந்தால் 2 சதவீதத்துக்கு மேற்போகாத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் நல்லது.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாகக் கரைந்து போகாது. நுரை போகும்வரை கொஞ்சம் கூடுதலாக அலசுங்கள்.

அக்கா, தோழி ஒரு க்ரீம் போட்டாள், ஒரே வாரத்தில் பருவும் போய் வெள்ளையாகவும் ஆகிவிட்டாள். அதையே கொடுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா மகளுக்கு 16 வயதில் பரு வந்தது. வேறு ஊரில் ஒரு கடையில் கேட்டிருக்கிறாள். டாக்டர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் "என்ன போடுறே?" என்று கேட்டார்கள். எட்டு மாதம் போட்டிருக்கிறாள். என்னிடம் அவள் வந்தபோது கன்னம் சிவந்து, நூல் நூலாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. மோவாயில் பூனைமுடி வளர்ந்திருந்தது. நெற்றி முழுக்க ஒரே அளவில் பொரிப் பொரியாகப் பரு. "ரெண்டு நாள் போடலேன்னா எரியுது சித்தி, வெயில்ல நிக்க முடியல. அதான் திரும்பப் போடுறேன்" என்றாள். பையிலிருந்து எடுத்துக் காட்டிய ட்யூபைப் பின்பக்கம் திருப்பினேன். சின்ன எழுத்தில் குளோபிட்டசால் என்று இருந்தது.

அது ஸ்டீராய்டு. சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு டாக்டர் கணக்குப் பார்த்து, குறைந்த நாளுக்குக் கொடுக்கிற நல்ல மருந்து. முகத்தில் போட்டால் வீக்கத்தை அமுக்கி, ரத்தக்குழாயைச் சுருக்கி, நிறத்தையும் குறைத்துக் காட்டும். அதனால்தான் முதல் மாதம் அழகாகத் தெரிகிறது. அதற்குள் தோல் மெலிந்துவிடும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

ட்யூப் வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தை விடுங்கள். மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டுதான், பருவுக்கு வேண்டவே வேண்டாம். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் இரண்டோடும் ஸ்டீராய்டு சேர்ந்த மூன்று மருந்துக் கலவையை நிறத்துக்கென்று வருடக்கணக்கில் போடுகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றையும் மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டு இல்லாமல் கேட்டால் நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டிருந்தால் சட்டென்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ட்யூபோடு தோல் மருத்துவரிடம் போங்கள். அக்கா மகளுக்கு முகம் குணமாக ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அப்படியானால் எந்த மருந்துதான் போடுவது?

சாதாரணப் பருவுக்கு முக்கியமான பூச்சு மருந்துகள் இரண்டு.

முதலாவது பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவைக் கொல்லும். இரண்டரை சதவீதத்தில் தொடங்குங்கள். வீரியம் கூடினால் எரிச்சல்தான் கூடும், பலன் அந்த அளவுக்குக் கூடாது. ஒரு எச்சரிக்கை: இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். ஒரு ஆச்சி நல்ல அரக்குக் கண்டாங்கிச் சேலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். பேத்தி மருந்து போட்ட முகத்தை முந்தானையில் துடைத்திருக்கிறாள். அங்கே ஒரு கையகலத்துக்கு ஆரஞ்சு நிறத்தில் வெளுத்துக் கிடந்தது. போன சாயம் திரும்பி வராது. வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அடாபலீன் 0.1 சதவீத ஜெல். இது துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அதாவது இனி வரப்போகிற பருவுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. போடுகிற விதத்தில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். பருவின் தலையில் மட்டும் பொட்டு வைப்பதுபோல் வைக்கிறார்கள். அப்படி இல்லை. இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு எடுத்து நெற்றி, இரண்டு கன்னம், மோவாய் என்று தொட்டு வைத்து, பரு வரும் இடம் முழுக்க மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண், மூக்கோரம், உதட்டோரம் படக்கூடாது. முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மேலே வாசனையில்லாத, எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் போடுங்கள். "ஏற்கெனவே எண்ணெய் வடியுது, அதுக்கு மேல மாய்ஸ்சரைசரா?" என்று கேட்பார்கள். ஆமாம், போட வேண்டும். இல்லாவிட்டால் தோல் உரிந்து, பயந்துபோய் மருந்தையே நிறுத்திவிடுவீர்கள்.

காலையில் எஸ்.பி.எஃப் என்ற வெயில் காப்பு எண் 30க்குக் குறையாத ஜெல் சன்ஸ்கிரீன். நம் வெயிலுக்கு இதை விட்டால் பருவின் கறை மாதக்கணக்கில் தங்கிவிடும்.

கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஜெல்லை மட்டும் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள். பாக்டீரியா அதற்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் டாக்டர்கள் கொடுப்பார்கள்.

இரண்டு வாரம் போட்டேன், பரு கூடிவிட்டதே?

அடாபலீன் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்கு அப்படி ஆகும். உள்ளே அடைபட்டுக் கிடந்தது மேலே வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற பலனுக்கு 8 முதல் 12 வாரம் வேண்டும். முகம் பயங்கரமாக எரிந்தாலோ வீங்கினாலோ மட்டும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

கண்ணாடியைத் தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது. தொடங்கும் நாளில் ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் இன்னொன்று.

பலகாரமும் கோழியும் நிறுத்த வேண்டுமா?

மிளகுக்கோழி, காரக்குழம்பு, உப்புக்கறி எதுவும் பருவைக் கொண்டுவரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காரம் சாப்பிட்டால் முகம் வியர்க்கும், சிவக்கும். அது வேறு. தேன்குழலிலும் மணகோலத்திலும் இருக்கிற எண்ணெய் நேராக முகத்துத் துளைக்குப் போய்விடாது.

பார்க்க வேண்டியது இனிப்பும் மைதாவும். ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு இன்சுலினைக் கூட்டும், அது எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். கந்தரப்பம், அதிரசம், பால் பணியாரம் விசேஷத்துக்குச் சாப்பிடுவதில் தப்பில்லை. தினமும் குளிர்பானம், பேக்கரி பன், கேக் என்று போவதைக் குறைத்துப் பாருங்கள். கவுனி அரிசி நல்லதுதானே என்பார்கள். அரிசி நல்லதுதான், அதில் கொட்டுகிற சர்க்கரையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிலருக்குப் பாலாலும் கூடுகிறது. சந்தேகம் இருந்தால் ஆறு வாரம் பாலைக் குறைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கலாமா?

குளிக்கலாம். எண்ணெய் நெற்றிக்கு இறங்கக் கூடாது. தலைக்கு எண்ணெய் வைத்தபடி ராத்திரி முழுக்கத் தூங்கினால் தலையணை வழியாகக் கன்னத்துக்கும் வரும். நெற்றியோரமும் காதோரமும் மட்டும் பொடிப்பொடியாகப் பரு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது தேங்காய் எண்ணெயைப் பற்றித்தான். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கக்கூடியது. எண்ணெய் வைத்தால் ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள். முகத்தில் தேய்க்க வேண்டாம்.

ஆச்சி சொல்லும் மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, முட்டை வெள்ளைக்கரு?

பச்சைப்பயறு மாவை நைசாக அரைத்து முகம் கழுவுவதில் எனக்கு மறுப்பு இல்லை. தேய்க்காமல் குழைத்துப் பூசிக் கழுவுங்கள். மஞ்சளும் வேப்பிலையும் ஒத்துக்கொண்டால் சரி; ஆனால் ஆழமான சீழ்ப்பருவை அவற்றால் ஆற்ற முடியாது.

எலுமிச்சைச் சாறு கூடவே கூடாது. அதைத் தடவி வெயிலில் போனால் தோல் வெந்து கருகும். அந்தக் கறை போக மாதங்கள் ஆகும். பற்பசையும் அப்படியே, எரித்துவிடும்.

வெள்ளைக்கரு பற்றி ஒன்று. நம் பக்கத்துப் பெரிய வீட்டுச் சுவர்களைத் தடவிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்தது. முகத்திலும் காய்ந்ததும் அப்படி இழுத்துப் பிடிக்கும், கொஞ்ச நேரம் மினுமினுப்பாகத் தெரியும். கழுவினால் அதோடு சரி. பருவுக்கு எதுவும் செய்யாது.

மகளுக்கு 22 வயது. தாடை ஓரத்தில் மட்டும் வலிக்கிற பரு. மாதவிலக்கும் தள்ளித் தள்ளி வருகிறது.

இதைக் க்ரீமோடு விட்டுவிடாதீர்கள். தாடையில் பரு, மோவாயில் முடி, தலைமுடி உதிர்வு, எடை கூடுவது, மாதவிலக்கு ஒழுங்கின்மை எல்லாம் சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுங்கள். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். பலருக்கு ஹார்மோனைச் சரிசெய்யும் மருந்தும் கொடுத்தால்தான் அந்தப் பரு அடங்கும்.

அண்ணன் மகன் ஜிம்முக்குப் போகிறான். முதுகு முழுக்கப் பரு.

வே புரோட்டீன் பவுடர் குடிக்கிறானா என்று கேளுங்கள். சிலருக்கு அது பருவைக் கூட்டும். ஊசி ஏதாவது போடுகிறானா என்றும் நிதானமாகக் கேளுங்கள்; தசைக்கென்று போடும் வேறு வகை ஸ்டீராய்டு ஊசியால் முதுகிலும் நெஞ்சிலும் கட்டி கட்டியாக வரும். வியர்த்த பனியனோடு உட்காராமல் உடனே குளிக்கச் சொல்லுங்கள். ஒரே அளவில் பொடிப்பொடியாக, அரிப்போடு வந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

கல்யாணத்துக்கு 20 நாள்தான் இருக்கிறது.

இந்த நேரத்தில் புதிய மருந்து, பிளீச், ஃபேஷியல் எதையும் தொடங்காதீர்கள். பார்லரில் பருவின் மேல் தேய்த்து மசாஜ் செய்து, மறுவாரம் முகம் முழுக்க வெடித்து வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு பெரிய கட்டிகள் மட்டும் என்றால் தோல் மருத்துவர் கட்டிக்குள்ளேயே மிகக் குறைந்த அளவு ஊசி போட்டு இரண்டு மூன்று நாளில் அமுக்க முடியும். ஊசியில் இருப்பதும் ஸ்டீராய்டுதான். அளவு தெரிந்த டாக்டர் கையால் மட்டுமே போட வேண்டும். நிச்சயம் முடிந்த கையோடு, மூன்று நான்கு மாதத்துக்கு முன்பே வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம்.

டாக்டர் மாத்திரை எழுதினார். பயமாக இருக்கிறது.

டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் வழக்கமாக மூன்று மாதத்துக்கு மேல் போகாது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருங்கள். இல்லாவிட்டால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும்.

ஐசோட்ரெட்டினாயின் என்றால் கவனமாகக் கேளுங்கள். தழும்பு விழும் கடுமையான பருவுக்கு இதைப்போல் வேலை செய்யும் மருந்து வேறு இல்லை. உதடு காயும், கண் உலரும். கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள். மனம் மிகவும் சோர்ந்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த மாத்திரை சாப்பிடும்போதும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கர்ப்பம் தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும். ஒரே வீட்டில் தங்கையின் அட்டையிலிருந்து அக்கா இரண்டு மாத்திரை எடுத்துப் போட்டிருக்கிறாள். அவளுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். நல்லவேளை, கர்ப்பம் இல்லை. அந்தச் செய்தி வரும்வரை எனக்குத் தூக்கமில்லை.

கர்ப்பிணிகளுக்கு அடாபலீனும் டாக்சிசைக்ளினும்கூட வேண்டாம். அசிலாயிக் அமிலம் போன்ற பூச்சு இருக்கிறது. மகப்பேறு மருத்துவரைக் கேட்டுப் போடலாம்.

பரு போய்விட்டது. கறையும் பள்ளமும் நிற்கிறதே?

கறை வேறு, பள்ளம் வேறு. பழுப்பான கறை சன்ஸ்கிரீன் போட்டுக் கிள்ளாமல் இருந்தால் சில மாதங்களில் மங்கும். பள்ளத்துக்குப் பூசுகிற மருந்து போதாது. நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங், லேசர் போன்ற சிகிச்சைகளைத் தோல் மருத்துவர் செய்வார். நம் நிறத் தோலில் லேசர் சூட்டால் கறை விழ வாய்ப்பு அதிகம், அனுபவமுள்ள கையாகப் பாருங்கள். பள்ளம் விழ ஆரம்பித்துவிட்டது என்றால் காத்திருக்காமல் போங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

மகன் விசேஷ வீட்டுக்கே வரமாட்டேன் என்கிறான்.

முகப்பில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவரும் "என்னப்பா மூஞ்சியெல்லாம் இப்படி?" என்று கேட்டால் யார்தான் வருவார்கள்? அந்தக் கேள்வியை அவனிடம் கேட்க வேண்டாம் என்று உறவுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவனை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது "சாக்லேட் தின்னாதேன்னு சொன்னேன்ல" என்று பேச்செடுக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், கல்லூரி எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கினால் தோல் மருத்துவரிடமே அதையும் சொல்லுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் தயங்காமல் போங்கள்.

சரியான பிறகு மருந்தை நிறுத்தலாமா?

அன்றைக்கே நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். முகம் தெளிந்த பிறகும் அடாபலீனை டாக்டர் சொல்லும் காலம்வரை, வாரத்தில் சில இரவுகளாவது தொடர வேண்டியிருக்கும்.

ட்யூபை எங்கே வைப்பது?

வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில். வண்டி டிக்கியில் போட்டுவிட்டு மத்தியானம் முழுக்க நிறுத்தி வைத்தால் ஜெல் தண்ணீராகப் பிரிந்துவிடும். அப்படி ஆனதைப் போடாதீர்கள், வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.